ஓடையே, இன்னைக்கு என்ன கலரு?

என் தொழிலில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அக்கா அதைத் தலைக்கனம் என்பாள். எப்பேர்ப்பட்ட ஒலிப்பதிவைக் கொடுத்தாலும் இரைச்சலை உருவி எடுத்துவிட்டுப் பளிச்சென்று திருப்பிக் கொடுப்பேன். மின்விசிறியின் உறுமல், பக்கத்து வீட்டில் சுவர் துளைக்கும் சத்தம், பேசுகிறவர் எச்சில் விழுங்குவது, எதுவும் மிஞ்சாது. மாடியில் ஒரே அறை. நாலு சுவரிலும் பஞ்சுப் பலகை அடித்திருக்கிறேன். தொலைபேசியில் உங்களைக் காத்திருக்கச் சொல்லும் பெண்குரல்களில் பாதி இந்த அறையில் பிறந்தவைதான். ஊரே என் வேலையைக் காதில் வைத்துக்கொண்டு திட்டுகிறது. அதையும் ஒரு புகழ் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த அறைக்கு ஒரு நாள் காலை பூங்காத் துறை அதிகாரி ஏறி வந்தார். மூச்சு வாங்கியபடியே உட்கார்ந்து, "அந்த ஓடைப் பாட்டு நீங்க பதிவு பண்ணதாமே?" என்றார்.

"ஆமா சார். பேஸ் கிடாரும் நான்தான்," என்றேன். பேஸ் கிடாரை யாரும் கவனிப்பதில்லை. நாமாகத்தான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"பழைய ஓடைய மூடி மேல வண்டி நிறுத்துறாங்கல்ல? அதத் திறக்கப் போறோம். முதல்ல ஒரு இருநூறு மீட்டர். திறக்குற அன்னைக்கு அந்தப் பாட்ட நேர்ல பாடினா நல்லா இருக்கும். பாடினவங்க உங்க அக்காவாமே? கூப்பிட்டா வருவாங்களா?"

அக்கா இந்த ஊரை விட்டுப் போய் இருபத்திரண்டு வருடம். இடையில் ஒரே ஒரு தடவை வந்தாள், மூன்று வருடத்துக்கு முன்னால், அப்பா இறந்த அன்று. மறுநாள் காலை வண்டியிலேயே போய்விட்டாள். இன்னும் ரெண்டு நாள் இரேன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே அவள் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையம் வரை நடந்தவன் நான். அவள் என் மாடிப்படியில் செருப்பைக் கழற்றிப் போட்டு உள்ளே வந்து என்னை நாலு வார்த்தை கேலி பேச வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

"கேட்டுப் பாக்கறேன் சார்," என்றேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் ஓடை ஓடியது. கூப்பிடு தூரத்தில், மேல்பக்கம், சாயத் தொழிற்சாலை. அப்பா அங்கே சாயம் கலக்கும் பிரிவில் மேஸ்திரி. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டாள். எங்களுக்கு எல்லாமே அப்பாதான். துணிக்கு ஏறியது போக மிச்சச் சாயம் ஓடையில் இறங்கும். ஒரு நாள் பச்சை, ஒரு நாள் மஞ்சள். சின்ன வயதில் எங்களுக்கு அது அதிசயமாகத்தான் இருந்தது. மற்ற இடத்து ஓடையெல்லாம் பாவம், தினமும் ஒரே நிறத்தில் ஓடுகிறதே என்று நான் வருத்தப்பட்டிருக்கிறேன்.

வேலை முடிந்து அப்பா சைக்கிளை நிறுத்தும்போது அக்கா வாசலில் வழிமறிப்பாள். அப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார்.

"இன்னைக்கு என்ன கலரு?"

"சிவப்பு," என்பார், பால் மணம் மாறாத பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

அக்கா கையை இழுத்துப் பார்ப்பாள். நகக்கண்ணெல்லாம் பச்சையாக இருக்கும். "பொய்! பொய்!" என்று குதிப்பாள். அடுத்த நாளும் சிவப்பு என்பார், கை மஞ்சளாக இருக்கும். பெரும்பாலும் சிவப்புதான் சொல்வார். நிஜமாகவே சிவப்பாக இருக்கும் அன்று மட்டும் வேறு எதையாவது சொல்லிவைப்பார். முதல் தடவை கேட்டதும் அந்த மனிதர் ஒரு நாளும் உண்மையைச் சொன்னதில்லை. அதுதான் ஆட்டமே. பொய் பிடிபட்டதும் அவரைத் தண்ணீர்த் தொட்டியருகே உட்கார வைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அக்கா அவர் நகங்களைத் தேய்த்துவிடுவாள். பத்து நகமும் முடிகிறவரை அப்பா அசைய மாட்டார்.

பிறகு ஓடையில் தவளைச் சத்தம் நின்றது. மீன் போனது. அக்கரைக் கிணறுகளில் தண்ணீர் கசந்தது. அதில் குளித்த பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்தது. அக்காவுக்கு இருபது வயது ஆனபோது அவளுக்கு ஓடையைப் பார்த்தாலே ஆத்திரம் வந்தது. எங்களிடம் அப்போது ஒரு ராக் குழு இருந்தது. அக்கா கிடார் வாசித்துப் பாடுவாள், நான் பேஸ், டிரம்ஸுக்கு இடி. இடிக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் அவனைப் பெற்றவளே அவனை இடி என்றுதான் கூப்பிட்டாள். அக்கா எழுதிய பாட்டின் பல்லவி இப்படி வரும்:

ஓடையே ஓடையே, இன்னைக்கு என்ன கலரு?
யாரு சட்டை மின்ன நீ சாயம் குடிச்சே, சொல்லு!

ஓடைக்கரையிலேயே பதிவு செய்யணும் என்று பிடிவாதம் பிடித்தாள். அப்பா மதிய ஷிப்டுக்குக் கிளம்பியதும் சமையலறை ஜன்னல் வழியாக வயரை இழுத்து, கரையில் எல்லாவற்றையும் பரப்பினோம். ஒரே மூச்சில் வாசித்து முடித்தோம். கடைசியில் வாத்தியங்கள் எல்லாம் சட்டென்று நின்றுவிடும்; அக்கா மட்டும் தனிக்குரலில், "இன்னைக்கு என்ன கலரு?" என்று ஒரு தடவை கேட்பாள். அதற்குப் பிறகு பன்னிரண்டு நொடி யாரும் அசையக் கூடாது. ஓடைதான் பதில் சொல்லணும் என்பது அவள் உத்தரவு. மேடைகளில் வாசித்தபோதும் அந்த இடத்தில் ஓடைச் சத்தத்தை ஓடவிட்டுக் கல்லாக நிற்போம். விஷயம் தெரியாமல் யாராவது கை தட்டினால் அக்கா முறைக்கிற முறைப்பில் அடுத்த பாட்டுக்கும் தட்ட மாட்டார்கள்.

பதிவு முடிந்து டிரம்ஸைத் தூக்கும்போது இடி வழுக்கி முழங்கால் வரை ஓடையில் இறங்கிவிட்டான். அன்றுதான் முதன்முதலாகப் போட்ட வெள்ளை பேன்ட், பாதிக்குக் கீழே நீலமாகிவிட்டது. எத்தனை துவைத்தும் போகவில்லை. அதை இன்னும் வைத்திருக்கிறான், எங்கள் குழுவுக்குக் கிடைத்த ஒரே விருது அதுதான் என்று.

பாட்டு பற்றிக்கொண்டது. வானொலியில் வந்தது, ஊர்வலங்களில் பாடினார்கள், தொழிற்சாலை வாசலிலேயே ஒலிபெருக்கி கட்டிப் போட்டார்கள். அப்பா அந்த வாசல் வழியாகத்தான் தினமும் உள்ளே போக வேண்டும். ஒரு நாள் வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்தியவர், கையை ஒளிக்காமல் தொங்கவிட்டுக்கொண்டே நின்றார்.

"என் கையப் பாத்துக் கேட்ட கேள்விய ஊரக் கூட்டி மைக்குல கேட்டுட்டியேம்மா," என்றார்.

"உங்களக் கேக்கலப்பா. ஒரு தடவை முழுசாக் கேளுங்க. அப்புறம் திட்டுங்க."

"நான் கேக்கலம்மா. கேக்கவும் போறதில்ல."

அந்த மாதமே அக்கா கிளம்பிப் போனாள். நாலு வருடம் வழக்கு நடந்து தொழிற்சாலை மூடப்பட்டது. ஓடையையும் கான்கிரீட் பலகை போட்டு மூடி மேலே வண்டி நிறுத்த விட்டார்கள்; விஷத்தை நிறுத்துவதும் ஓடையை நிறுத்துவதும் அவர்களுக்கு ஒரே வேலையாகப் பட்டிருக்கும். அப்பா ஒரு பள்ளிக்கூடத்துக்குக் காவலுக்குப் போனார். நகங்கள் வெளுத்துச் சுத்தமாகிவிட்டன. அந்தக் கைகளைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருக்கும். அவர் இறந்த மறுநாள் ரயில் நிலையத்தில் அக்கா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தப் பாட்ட ஒரு தடவையாவது கேட்டாராடா?"

"இல்லக்கா," என்றேன். எனக்குத் தெரிந்த உண்மை அதுதான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது தொலைபேசியில் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"வர்றேன்," என்றாள். "ஆனா எனக்கு நம்ம ஓடைச் சத்தம் வேணும். கடைசி பன்னெண்டு நொடி. இவங்க திறக்குறதுல தண்ணி வருமோ, காத்து வருமோ, யாருக்குத் தெரியும்? பழைய டேப்பு உங்கிட்ட பத்திரமா இருக்குதானே?"

"இருக்குக்கா."

"அது இல்லாம அந்தக் கேள்விய நான் கேக்க மாட்டேன். பதில் சொல்ல ஆளில்லாம எத்தனை தடவைதான் கேக்கறது? இல்லன்னா இப்பவே சொல்லிடு, நான் வரல."

"அதான் இருக்குங்கறேன்ல."

உண்மையில் டேப் இல்லை. ஊரில் சுற்றிய நகல்களும் எப்போதோ தேய்ந்து காணாமல் போயிருந்தன. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் நான் முதல் கணினி வாங்கியதும் செய்த முதல் வேலை அந்தப் பாட்டைச் சுத்தம் செய்ததுதான். அதில் கீழே ஒரு 'ஸ்ஸ்' ஓடிக்கொண்டே இருந்தது. கைக்கு வந்த புது வித்தை. அரிப்பு யாரை விட்டது? அத்தனையையும் உருவிவிட்டேன். பாட்டு கண்ணாடி மாதிரி ஆனது. கடைசி பன்னிரண்டு நொடியில் சுத்தமான மௌனம். மேலே ஒரு கைதட்டல்கூட ஒட்டிவைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் பழைய டேப்பின் மேலேயே ஒரு காத்திருப்பு அறிவிப்பைப் பதிந்துவிட்டேன். அக்கா சுத்தப் பதிப்பைக் கேட்டுவிட்டு, "ஓடை எங்கடா?" என்று தொலைபேசியில் கேட்ட பிறகுதான் நான் எதை உருவினேன் என்று உறைத்தது. "ஒரிஜினல் பத்திரமா இருக்குக்கா," என்று அன்று சொன்ன பொய்யைத்தான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா வர இன்னும் ஒரு வாரம். நான் திருட்டுத்தனத்தில் இறங்கினேன். குளியலறைக் குழாயைப் பதிந்தேன். வாளியில் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பதிந்தேன். ஒரு மணி நேரம் பேருந்தில் போய் வேறொரு ஓடையைப் பதிந்துவந்தேன். இடியைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். அவன் இப்போது கார் ஓட்டக் கற்றுத்தருகிறான்; எதற்கும் பதறாத ஆள்.

"முதல் ரெண்டும் யாரோ ஒண்ணுக்குப் போற மாதிரி இருக்கு," என்றான். "மூணாவது பரவால்ல. ஆனா அது சுத்தமான தண்ணிடா. நம்ம ஓடை கொழகொழன்னு ஓடும். உங்க அக்காவுக்குப் பாம்புக் காது, முதல் நொடியிலயே புடிச்சிருவா."

"அப்ப என்னதான் பண்றது?"

"உண்மையச் சொல்லித் தொலை."

"சொன்னா வர மாட்டாடா."

"அது சரி," என்றான் இடி. தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

மூன்றாவது பதிவில் ஒரு பம்புசெட்டின் சத்தம் கலந்திருந்தது. அதையாவது எடுப்போம் என்று மென்பொருளைத் திறந்தேன். இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. எது இரைச்சல் என்று கணினிக்குத் தானாகத் தெரியாது. நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். பாட்டோ பேச்சோ இல்லாத இடமாகப் பார்த்து, இரைச்சல் மட்டும் உள்ள ஒரு துண்டைத் தேர்ந்து, 'இதுதான் குப்பை, இது மாதிரி எங்கே இருந்தாலும் எடு' என்று காட்ட வேண்டும். அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தபோதுதான் என் கை அப்படியே நின்றது. அன்றைக்கு அக்காவின் பாட்டில் எந்தத் துண்டைக் காட்டினேன்? யாரும் பாடாத, யாரும் வாசிக்காத இடம் அந்தப் பாட்டில் ஒன்றுதானே இருக்கிறது! எதையும் தூக்கிப்போடாத புத்தி எனக்கு. அப்போதெல்லாம் குப்பைத் துண்டைக்கூடத் தனிக் கோப்பாகச் சேமித்துவைப்பேன்.

அந்த முதல் கணினியின் வன்வட்டு மேசையின் கடைசி இழுப்பறையில் கிடந்தது. எடுத்து இணைத்தேன். இரண்டு தடவை கடகடத்துவிட்டு நின்றது. மூன்றாவது தடவை சுழன்றது. உள்ளே, என் கையாலேயே பெயர் வைத்த கோப்பு: குப்பை 1. நீளம், பன்னிரண்டு நொடி.

காதில் ஹெட்போனை மாட்டிப் போட்டேன். எங்கள் ஓடை ஓடியது. கல்லில் மோதி, கொஞ்சம் தடித்து, கொழகொழவென்று, எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்ததும் கேட்கும் அதே சத்தம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த வீடும் இல்லை, கதவும் இல்லை, இது மட்டும் குப்பை என்ற பெயரில் பதினெட்டு வருடம் என் இழுப்பறையில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

இரண்டாவது தடவை கேட்டபோது ஒன்பதாவது நொடியில் ஏதோ இடறியது, மேடை இரைச்சலில் ஒரு நாளும் காதில் விழாத ஏதோ ஒன்று. சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அன்றைக்கு இந்தத் துண்டை நான் காதால் தேர்ந்தெடுக்கவில்லை. திரையில் அலைக்கோடு மெலிந்து ஓடிய இடத்தைக் கண்ணால் பார்த்துக் கத்தரித்துவிட்டேன். ஒலிக்காரன் செய்யக் கூடாத வேலை.

சனிக்கிழமை மதியம் அக்கா வந்தாள். தலையில் பாதி நரை. படியில் செருப்பைக் கழற்றினாள். அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"என்னடா இது, வேலை செய்ற இடமா, மெத்தைக் கடையா?"

இருபத்திரண்டு வருடம் நான் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் சிரிக்க முடியவில்லை. அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, எதிரில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டேப்பை அழித்ததை, பதினெட்டு வருடப் பொய்யை, குளியலறைக் குழாயைக்கூட.

அக்கா எழுந்துகொண்டாள். "அப்ப என்னை எதுக்கு வரச் சொன்னே?"

"பன்னெண்டு நொடி மட்டும் இருக்குக்கா. குப்பைன்னு பேரு வச்சிருந்தேன். உக்காந்து கேளு. கேட்டுட்டு என்னைய என்ன வேணா சொல்லு. உன் பைய நானே தூக்கிட்டு வந்து ரயில் ஏத்தி விடறேன்."

என்ன நினைத்தாளோ, உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டிவிட்டேன். ஓடையின் முதல் சத்தத்திலேயே அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் விரல்கள் நாற்காலியின் கைப்பிடியில் நொடிகளை எண்ணின. ஒன்பதில் நின்றன.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். மறுபடியும் போடு என்று கையைக் காட்டினாள். மறுபடியும் போட்டேன்.

ஓடைச் சத்தத்துக்கு அடியில், கொஞ்சம் தள்ளி, எங்கள் பின்கதவுப் பக்கமாக, ஒரு ஆணின் குரல். யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல, தனக்குள் சொல்லிக்கொள்வது போல, ஒரே ஒரு வார்த்தை.

"நீலம்."

அப்பா கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாரோ, அன்றைக்கு வேலைக்கே போகவில்லையோ, எனக்குத் தெரியாது. முழுப் பாட்டையும் நின்று கேட்டிருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. கேட்கவே இல்லை என்று பிறகு எங்களிடம் சொன்னதும் அவர் ஆட்டத்தில் சேர்த்திதான் போலிருக்கிறது.

அக்கா ஹெட்போனைக் கழற்றவில்லை. "இடியோட பேன்ட்டு," என்றாள், அளவுக்கு மீறிச் சத்தமாக. ஹெட்போன் மாட்டியிருக்கிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். "அது என்ன கலரு?"

"நீலம்க்கா."

"முதல் தடவை கேட்டதுக்கே உண்மையச் சொல்லியிருக்காருடா," என்றாள். பிறகு நான் என் வாழ்நாளில் பார்த்திராதபடி, வாய்விட்டு அழுதாள். பஞ்சுச் சுவர்கள் அத்தனையையும் வாங்கிக்கொண்டன. நானும் அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டேன்.

விழாவன்று பதிவு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "அது நமக்கு," என்றாள். கான்கிரீட்டைப் பெயர்த்து எடுத்த இடத்தில் நிஜமாகவே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இடி அந்த பேன்ட்டைப் போட முயன்று, பொத்தான் எட்டாமல், கழுத்தில் துண்டாகப் போட்டுக்கொண்டு வாசித்தான். அக்காவின் குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது, பாட்டுக்கு அது நன்றாகவே இருந்தது. கடைசியில் எல்லோரும் நிறுத்தினோம். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு தனிக்குரலில் கேட்டாள்.

"இன்னைக்கு என்ன கலரு?"

நாங்கள் கல்லாக நின்றோம். அதிசயமாக யாரும் கை தட்டவில்லை. மேடைக்குக் கீழே ஓடை ஓடிக்கொண்டிருந்தது, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிய, எந்த நிறமும் இல்லாமல். நான் நொடிகளை எண்ணினேன். அவளும் எண்ணுகிறாள் என்று அவள் விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது. ஏழு. எட்டு. ஒன்பதாவது நொடியில் அக்கா தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள். முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு, சத்தமே வராமல், உதட்டை மட்டும் அசைத்தாள்.

"சிவப்பு."